மூன்று எபிசோட் சட்டம்

1

ஜப்பான் குடிவரவு அலுவலகத்தில் எங்கள் இலக்கம் வருவதற்கு முன்னால் சசியின் குரல் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. தகரத்தில் விழுகிற மழை, நம்மூர் மழை. அதற்குப் பிறகு அவள்.

"தேவி அக்கா, லயத்துக்குப் பின்னால மண்கட்டுல வெடிப்பு விட்டிருக்கு. கிராம சேவகர் மஹத்தயா வந்து எல்லாரையும் கீழ பன்சலைக்கு எறங்கச் சொல்லிட்டுப் போறாரு. மாமி வரமாட்டேங்கிறா. நான் என்னா செய்யிறது?"

சசி இருப்பது யட்டியாந்தோட்டைக்கு மேலே, பன்சலை என்கிற புத்த விகாரைக்கும் மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா. அந்தக் காம்பராவின் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான் இடம். கணவன் கொழும்பில் வேலை. வீட்டில் அவளும், மாமியாரும், நான்கு வயது பாப்பாவும். அந்தப் பின்சுவரில் சாய்ந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தொடர்கள் பார்த்திருக்கிறோம். அதனால் எனக்கு அந்தச் சுவரின் ஈரம்கூடத் தெரியும்.

பதில் சொல்ல வாயெடுத்தபோது எங்கள் இலக்கம் பலகையில் ஒளிர்ந்தது.

அலுவலருக்கு என் மேல் கோபமில்லை, எங்கள் பெயர்கள் மேல்தான் கோபம். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா, கணவர் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா, மகள் பெயருக்குப் பின்னால் என் கணவர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் எப்படி என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், நாங்களும் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்வோம். அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல நினைத்து, 'அங்கேயே நில்லடா' என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டேன். நான் ஜப்பான் மொழியை அனிமே பார்த்துப் படித்தவள். வாளை உருவிக்கொண்டு நிற்கிறவன் பேசுவது எனக்குச் சரளமாக வரும். அலுவலகத்தில் பேசுவது வராது.

மகள் கவிநயா என்னை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். பதின்மூன்று வயது.

"அம்மா, நீ பேச வேணாம். நான்."

அவள் குனிந்து வணங்கி ஏதோ சொன்னாள். அலுவலர் சிரித்துவிட்டார். நான் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இருக்கிற உங்களில் சிலருக்கு எங்கள் கூட்டத்தைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஜப்பான் கார்ட்டூன்கள் டிவியில் சிங்களத்தில்தான் வரும். எங்களுக்கு ஜப்பான்காரன் முதன்முதலில் சிங்களம்தான் பேசினான், நாங்களும் அவனுக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னோம். பிறகு பஜாரில் ஒரு சீடி கடை வந்தது. பிறகு பென்டிரைவ். பிறகு டேட்டா. கூட்டம் மெதுவாகச் சேர்ந்தது. யட்டியாந்தோட்டையில் நானும் சசியும், கித்துல்கலையில் ஆற்றில் வெள்ளைக்காரர்களுக்குப் படகு விடுகிற இரண்டு பேர், பெல்மதுளையில் போன் கடை வைத்திருக்கும் ரமேஷ், இன்னும் சிலர். குழுவுக்கு நான் வைத்த பெயர் 'பெரட்டுக்களம்'. தோட்டத்தில் விடிந்ததும் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் களத்தில் ஞாயிற்றுக்கிழமை பெயர் கூப்பிடுவோம், அவரவர் எந்தத் தொடரில் எந்த எபிசோட்டில் நிற்கிறார்கள் என்று சொல்லவேண்டும். யாரும் யாருக்கும் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சிபாரிசுகளால் முதலில் சண்டைதான் வந்தது. ரமேஷுக்கு இரத்தம் தெறிக்காவிட்டால் அது தொடரே இல்லை. எனக்கு மெதுவாகப் போகிற கதைகள் வேண்டும். நான் ஒன்று சொன்னால் அவன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ஒருத்தி டீ குடிக்கிறா, இன்னும் குடிச்சி முடிக்கல" என்று எழுதுவான். அந்த எரிச்சலில்தான் சட்டம் போட்டேன். ஒருவர் சிபாரிசு செய்தால் மற்றவர் மூன்று எபிசோட் பார்த்தே ஆகவேண்டும். நடுவில் குறை சொல்லக் கூடாது, எழுந்து போகக் கூடாது. மூன்று முடிந்தபின் "வேணாம்" என்றால், சிபாரிசு செய்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே கூடாது.

"ஒண்ணுல ஆளு தெரியும், ரெண்டுல ஊரு தெரியும், மூணுலதான் வில்லங்கம் தெரியும்" என்று ரமேஷே அதற்கு விளக்கமும் கொடுத்தான்.

இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாத ஒரே ஆள் சசி. கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதையை அவளுக்குச் சொன்னேன். முதல் இரண்டு எபிசோட்டில் அந்தப் பெண் படியேறுவாள், இறங்குவாள், அவ்வளவுதான். சசி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாவதில் அழுதுகொண்டே போன் பண்ணினாள். அதற்குப் பிறகு நான் சொல்வதையெல்லாம் பார்ப்பாள். என் வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை. நான் அனிமே பார்க்க உட்கார்ந்தால் கவி கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கு நான் ஒரு கிறுக்கு, அதிலும் சத்தமான கிறுக்கு.

3

அலுவலகத்துக்கு வெளியே வந்ததும் சசிக்குப் போன் போட்டேன்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்: வெடிப்பு விட்டிருக்கிறது, போகச் சொல்கிறார்கள், போகவேண்டியதுதானே? நமக்கு அப்படி இல்லை. காம்பரா நம்முடையதில்லை. இருக்கும்வரை இருக்கலாம், இறங்கினால் திரும்ப ஏற விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. இதற்கு முன்னால் ஒரு மழைக்கு இறங்கியவர்கள் தகரக் கொட்டகையிலேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். சசியின் மாமியாருக்கு அதோடு லெச்சுமி என்று ஒரு பசுவும் இருக்கிறது. பசுவைப் பன்சலைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

"நீ சொல்லேன் மாமிகிட்ட" என்றேன்.

"நான் சொல்லி எந்தக் காலத்துல கேட்டிருக்கா? 'நான் இந்தக் காம்பராவுலதான் வாக்கப்பட்டு வந்தேன், எங்கயும் வரல'ங்கிறா. எனக்கும்தான் பயமா இருக்கு அக்கா, சாமான் சட்டி எல்லாத்தையும் போட்டுட்டு எப்புடி?"

"இல்ல சசி, மழைக் காலம். ஏதாச்சும் அப்புடி இப்புடின்னா…"

"அப்புடி இப்புடின்னா?"

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் விளக்கை 'அணை' என்று சொல்லக் கூடாது, 'குளிர வை' என்றுதான் சொல்லவேண்டும். வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று யாராவது சொன்னால் அம்மா மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். நல்லது கெட்டது பேசும்போது வாயில் நல்லது மட்டும்தான் வரவேண்டும், கெட்டதைச் சொன்னால் சொன்ன வாயே அதைக் கூப்பிட்டதாகிவிடும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? அந்த வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"சசி, இதை என் சிபாரிசுன்னு வச்சுக்க. பன்சலை மண்டபம். மூணு எபிசோட். ஒரு நாளைக்கு ஒண்ணு. கொறை சொல்லக் கூடாது, எந்திரிச்சிப் போகக் கூடாது."

மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்தாள். 

"ஹரி, சரிதான் அக்கா. மூணு. ஆனா சட்டம் சட்டம்தான். நான் வேணாம்னா நீங்க அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கமாட்டேன்" என்றேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள். பேத்தி போனபிறகு மாமியார் மட்டும் எப்படி இருப்பாள்? திட்டிக்கொண்டே அவளும் இறங்கினாள்.

4

சசி ஒவ்வொரு நாளும் குழுவில் விமர்சனம் எழுதினாள்.

முதல் நாள்: பன்சலைப் பிக்கு, ஹாமுதுரு, நல்ல மனுஷன், பாய் கொடுத்தார், பாப்பாவுக்குப் பால்மா கொடுத்தார். கதாபாத்திரங்கள் அதிகம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கழிவறை. மாமி சோற்றையும் பருப்பையும் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள், கருவாடு கேட்கிறாள். மழை நிற்கவில்லை.

இரண்டாம் நாள்: மழை விட்டுவிட்டது. கதை நகரவே இல்லை. மாமி காலையிலும் சாயந்தரமும் பால் கறக்க மேலே ஏறிவிட்டு வருகிறாள். போய் வந்து, "மலை மலையாட்டம்தான் இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள். முன்காம்பராக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

மூன்றாம் நாள்: நல்ல வெயில். துணி காய்கிறது.

மற்றவர்கள் சிரிப்புப் படங்கள் போட்டார்கள். ரமேஷ் மட்டும் எனக்குத் தனியாக எழுதினான். சண்டைத் தொடர் பற்றியல்லாமல் அவன் எனக்கு எழுதியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, எங்க பக்கமெல்லாம் மழை நின்ன பொறகுதான் மண்ணு எறங்கியிருக்கு. உள்ள தண்ணி நிக்கும். வெடிப்பு மூடலைன்னா அவள மேல விடாதீங்க."

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்றால், வேலைக்குப் போனேன். இங்கே நான் பகலுணவுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் இருக்கிறேன். ஓடுகிற பட்டையில் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றிலும் ஊறுகாய் முள்ளங்கியை மூலையில் வைக்கவேண்டும். கை வைத்துக்கொண்டிருந்தது, மனசு யட்டியாந்தோட்டையில் மண்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் பழைய கார்களைக் கழற்றி அனுப்புகிற யார்டில் வேலை பார்க்கிறார், எதையும் இரண்டு வார்த்தையில் முடிப்பார். "அவ புத்திசாலி" என்றார். எனக்கு அது போதவில்லை.

5

மூன்றாம் நாள் சாயந்தரம் சசி வீடியோவில் வந்தாள். பின்னால் மாமியார் மூட்டையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா சசியின் மடியில் இருந்தது.

"முடிஞ்சிருச்சு அக்கா. நாளைக்குக் காலையில ஏறுறோம். நல்ல மண்டபம்தான், எனக்குப் புடிக்கல. வேணாம்."

"சசி, வெடிப்பு மூடிருச்சா?"

"அக்கா. சட்டம்."

"அது தெரியும்டி. ஆனா இன்னும் ஒரு ரெண்டு நாளைக்கு… வெயில் நல்லா காயட்டும்… மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு… ஏதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு…"

"ஒண்ணுமில்ல தேவி" என்று பின்னாலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "அம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் ஏறுறோம். நீ அங்க நல்லா இரு."

நான் மறுபடியும் தொடங்கினேன். மழை, ஈரம், சகுனம், கனவு என்று என்னென்னவோ சொன்னேன். கனவே வராத எனக்கு அன்றைக்கு ஒரு கனவுகூட வந்தது. சசி பொறுமையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். அவள் போகப்போகிறாள்.

மேசையின் மறுபக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கவி பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சசி சித்தி. மேல போக வேணாம். போனா நீங்க செத்துருவீங்க. பாப்பாவும் செத்துரும்."

அவளுடைய தமிழில் அலங்காரமெல்லாம் கிடையாது. தெரிந்த வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவாள். அதையும் அப்படித்தான் அடுக்கினாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

திரையில் சசியின் முகம் வெளுத்துப்போனது. அவள் கை தானாகப் பாப்பாவின் காதைப் பொத்தியது. மாமியார் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள்.

"எவடி அவ? பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு எந்த வாயால சொல்ற? ஒன் வாயி அழுகிப் போக!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. நான் கையை ஓங்கிவிட்டேன். கவி நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் கை தானாக இறங்கிவிட்டது.

"அந்த வார்த்தைய சொல்லலாமா? அதுவும் கொழந்தையைப் போய்?"

"ஏன்? பொய்யா?"

"பொய்யோ நெசமோ, சொல்லக் கூடாது."

"ஸ்கூல்ல அப்படித்தான் சொல்றாங்க. பூகம்ப ட்ரில்ல. பை எடுக்கத் திரும்பிப் போனா செத்துருவே. ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து சொல்றாங்க. அப்பதான் போகமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வார்த்தையைத் தேடினாள். "நீ மூணு நாளா பேசுற. நீ அதை ஒரு தரம்கூட சொல்லல. சித்திக்கு எப்படித் தெரியும்?"

நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். என் பிள்ளை எனக்கு அந்நியமாகிவிட்டாள் என்று மற்றவர்களிடம் குறை சொல்லியிருக்கிறேன். அவள் இவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இரண்டுக்கும் அடியில், அவள் சொன்னது பலிக்கவேண்டுமே, பலிக்கக் கூடாதே என்று ஒரு நடுக்கம். பலிக்கவேண்டியது எது, கூடாதது எது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சசியைத் திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

6

மறுநாள் தொழிற்சாலையில் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்தேன். பெரட்டுக்களத்தில் ரமேஷ் எழுதியிருந்தான்.

"யட்டியாந்தோட்டைக்கு மேல மண்ணு எறங்கிருச்சாம். சசி லயம்தான்னு சொல்றாங்க. எல்லாரும் பேர் குடுங்க."

கீழே ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்திருந்தார்கள். கித்துல்கலைக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். எங்கேயோ கட்டாரில் இருக்கிற ஒரு தம்பிகூட, தேவையே இல்லாமல், கொடுத்திருந்தான். நான் என் பெயரைப் போட்டேன். சசியின் பெயர் இல்லை. அவள் நம்பரை அழைத்தால் பதிவுக் குரலில் ஒரு பெண் சிங்களத்திலும் பிறகு தமிழிலும், நீங்கள் அழைக்கும் தொலைபேசி இயக்கத்தில் இல்லை என்றாள். அந்தக் குரலை எனக்கு அடிக்கவேண்டும்போல் இருந்தது.

மணி அடித்தது. மறுபடி உள்ளே போனேன். முள்ளங்கி வைக்கிற இடத்தில் முள்ளங்கி வைத்தேன். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். சொல்ல என்னிடம் மொழி இல்லை. நான் பார்த்த கதைகளில் ஊர் அழியும்போது நாயகன் கத்துவான். அந்தக் கத்தல்தான் எனக்குத் தெரியும். அதைத் தொழிற்சாலையில் கத்த முடியாது.

வீட்டுக்கு வந்தபோது கவி சீருடையைக்கூட மாற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவள் உதடு கோணியது. "நான் சொன்னதாலயா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "இல்லடா, இல்ல, இல்ல" என்று பலமுறை சொன்னேன். அவள் உடம்பு கட்டைபோல் இருந்தது.

7

அன்று இரவே தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஆண் குரல், சிங்களம். பன்சலை ஹாமுதுரு. சசிகலா பேசவேண்டுமாம் என்று சொல்லிவிட்டுப் போனைக் கைமாற்றினார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அக்கா" என்றாள் சசி. அதற்கு மேல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

பிறகு சொன்னாள். "மூட்டைய எடுத்துட்டேன் அக்கா. வாசல்ல வந்து செருப்பப் போடுறேன், கவி சொன்னது காதுக்குள்ளயே நிக்குது. என்னைச் சொன்னதுகூட இல்ல, பாப்பாவைச் சொன்னிச்சு பாருங்க, அதுதான். கால் எடுக்கவே வரல. கிராம சேவகர் 'அவதானம்'னாரு, நீங்க 'அப்புடி இப்புடி'ன்னீங்க. செத்துருவேன்னு யாருமே என்கிட்ட சொல்லல அக்கா. நான் அங்கயே உக்காந்துட்டேன். மாமி மட்டும் என்னைத் திட்டிக்கிட்டே பால் கறக்க ஏறுனா. செம்போட திரும்பி பாதி எறக்கத்துல வரக்கொள்ள மேல சத்தம் கேட்டிச்சாம். மாடு போயிருச்சு. நம்ம காம்பரா இருந்த எடமே தெரியல. முன்காம்பராக்காரங்க சத்தத்துக்கு ஓடிவந்துட்டாங்க."

கவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அப்போதுதான் போனுக்குள் தூரத்தில் மாமியாரின் குரல் கேட்டது. மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கருநாக்குக்காரி! அவ நாக்குத்தான் என் லெச்சுமியத் தின்னிருச்சு! அவ நாக்குத்தான் என் வீட்டத் தின்னிருச்சு! நாசமாப் போறவ!"

"கருநாக்குன்னா என்ன?" என்று கவி மெதுவாகக் கேட்டாள்.

நான் அவசரமாக ஸ்பீக்கரை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதீங்க அக்கா" என்றாள் சசி. "கவி பக்கத்துலதானே இருக்கு? கேக்கட்டும்." பிறகு குரலை உயர்த்தினாள். "கவி, மாமி ஒன்னைத்தான் திட்டுறா, கேக்குதா? காலையில நாங்க மேல போயிருந்தா, அவளும் பாலோட எறங்காம எங்களோட அங்கயே நின்னிருப்பா. திட்டட்டும் விடு. திட்டுறதுக்கு ஆள் இருக்குல்ல."